கூட்டுக்குள் காற்று

நாலாவது மாடி பால்கனியில் லிஃப்ட் மெக்கானிக் தன் டொமாட்டிலோ செடியில் ஒரு பச்சைக் கூட்டை விரலால் அழுத்தினார். பொசுக்கென்று அமுங்கியது. உள்ளே வெறும் காற்று. அடுத்ததிலும் காற்று.

டொமாட்டிலோ தக்காளிக்குத் தூரத்துச் சொந்தம். முதலில் மஞ்சள் பூ. பூ உதிர்ந்ததும் காகித விளக்கு மாதிரி ஒரு கூடு. பிறகு அந்தக் கூடு நிறையப் புளிப்பான பச்சைக் காய். அவருடைய செடி முதல் இரண்டையும் அமர்க்களமாகச் செய்துவிட்டு மூன்றாவதை மட்டும் மறந்துபோனது. சில பூக்கள் கூடுகூடக் கட்டாமல் உதிர்ந்தன.

அவரும் சும்மா இருக்கவில்லை. தண்ணீரைக் கூட்டினார், குறைத்தார். உரத்தை நிறுத்தினார். மகரந்தம் உதிரட்டும் என்று காலையில் கிளைகளைத் தட்டினார். துணைக்கு இன்னொன்று இருக்கட்டும் என்று ஒரு கிளையை வெட்டிப் பக்கத்துத் தொட்டியில் நட்டார். அதுவும் தளதளவென்று வளர்ந்து, கூடு கட்டி, காற்றை அடைத்து வைத்துக்கொண்டது.

"பூவெல்லாம் பிரமாதம். மாப்பிள்ளையத்தான் காணோம்," என்றாள் மனைவி, ஈரத்துணி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு. "இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் உங்க செடி குப்பைக்கு, என் துணி ஸ்டாண்டு பால்கனிக்கு."

துணி ஸ்டாண்டைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சகலையிடம் தோற்பதைத்தான் தாங்க முடியாது. மனைவியின் தங்கை கணவர்; பஸ் டிரைவர்; அதே கட்டடத்தில், பின்பக்கம் முதல் மாடி. விதைப் பொட்டலத்தை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டபோது ஒரு பந்தயம் வைத்தார்கள். யார் செடி முதலில் ஒரு கிண்ணம் காய் தருகிறதோ, அவரை மற்றவர் சொந்தக்காரர்கள் முன்னால் ஆயுசுக்கும் "குருவே" என்று கூப்பிட வேண்டும். முளைத்த நாற்றுகளில் கொழுத்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பிடுங்கிப் போட்டார் மெக்கானிக். இடமெல்லாம் ஒரே பயில்வானுக்கு. போன வாரம் படிக்கட்டில் பார்த்த சகலை, "எப்படி?" என்று புருவத்தை ஆட்டினார். "கிளை தாங்கல சகல," என்று இவர் அளந்துவிட்டார். "எனக்கும் அதே பிரச்சினைதான்," என்றார் அவர்.

சனிக்கிழமை மாலை கடைசியாக ஒரு தடவை செடியைச் சுற்றி வந்தார். அடிக்கிளையில் ஒரு கூடு அழுத்தியும் அமுங்கவில்லை. உள்ளே கெட்டியாக ஏதோ இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. மூன்று! மூன்றும் ஒரே வயசு. அதற்கு முன் பூத்ததும் காற்று, பின் பூத்ததும் காற்று.

லிஃப்ட் வேலையில் அவர் கற்ற பாடம் ஒன்று உண்டு. பழுது எப்போது வருகிறது என்று பார்ப்பதைவிட, எப்போது வராமல் இருந்தது என்று பார். இந்த மூன்றும் பூவாக இருந்தபோது என்ன நடந்தது? கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். எல்லார் வீட்டுத் தொட்டிகளும் மொட்டைமாடிக்குப் போயின. அவருடைய செடி தண்ணீர்த் தொட்டி ஓரம். எதிர் மூலையில் சகலையின் ஒற்றைச் செடி.

நடுவில் தேனீக்கள்.

கிளையை வெட்டி நட்டது ஏன் உதவவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அது இன்னொரு செடியே இல்லை. அதே செடி, வேறு தொட்டியில். கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத் தானே பெண் பேசிய கதை!

மூன்று மாடி இறங்கிப் போய் மணி அடித்தார். சகலை கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார்.

"சகல, ஒரு உண்மைய சொல்லணும். என் செடியில மொத்தமே மூணு காய்தான்."

கதவு முழுசாகத் திறந்தது. "மூணா? எனக்கு ரெண்டுதான்யா!"

உள்ளேயிருந்து சகலையின் மனைவி குரல் கொடுத்தாள். "ரெண்டு பேரும் சேந்து அளந்தது மட்டும் ஒரு மூட்டை தேறும்!"

"அப்ப குரு யாரு?" என்றார் சகலை.

"தேனீதான். வாங்க, ரெண்டு தொட்டியையும் மொட்டைமாடிக்குத் தூக்குவோம். ஒரு கை பிடிங்க."

ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் துணி ஸ்டாண்டு விரிந்தது. "ஜெயிச்சது நான்தான்," என்று மனைவி ஈரச்சட்டையை உதறினாள். மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகள், கிளையோடு கிளை உரச, பக்கத்தில் பக்கத்தில் நின்றன. விஷயம் இவ்வளவுதான்: டொமாட்டிலோ தன் மகரந்தத்தில் தானே காய்க்காது, தனித்தனி விதையில் முளைத்த இரண்டு செடிகள் அருகருகே வேண்டும். சகலையின் பூவிலிருந்து ஒரு தேனீ எழுந்தது. இடுப்பெல்லாம் மஞ்சள் தூளோடு ஒரு வட்டம் அடித்து, மெக்கானிக்கின் பூவுக்குள் தலையை நுழைத்தது.