சேலையூருக்கு வந்த குண்டுகள்

1984 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு, 1971 போரில் ஹவில்தார் சவுரிமுத்துவை நோக்கிச் சுடப்பட்ட குண்டுகளில் முதலாவது சேலையூருக்கு வந்து சேர்ந்தது. வாசல் கதவைத் துளைத்து, சுவரில் அந்தோணியார் படத்துக்குக் கீழே பதிந்தது. சவுரிமுத்து அதை ஆணியால் நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. மனைவி ஞானம்மாளிடம், "அன்னிக்கு வர வேண்டியது," என்றார்.

அன்று என்பது, எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி வெட்டவெளியில் அவர் ஓடிய நாள். துப்பாக்கியைப் பிடித்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதற்குத்தான் டில்லிக்கு அழைத்துப் பதக்கம் குத்தினார்கள். அவரைத் தொடாத குண்டுகள் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்தன. பல்லாவரம் மலைப் பக்கமிருந்து, எப்போதும் மாலையில், நிற்கும் மனிதனின் நெஞ்சு உயரத்தில். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு கம்பெனி வாசலில் காவலுக்கு இருந்த சவுரிமுத்து, நாலு மணிக்குத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். பட்டாளத்துப் பழக்கம் என்று மேனேஜர் விட்டுவிட்டார். சேலையூரில் அந்தத் தெரு ஜனங்கள் மாலையில் குனிந்து நடந்தார்கள். அங்கே வாடகை குறைவு. எதிர்வீட்டுக் குப்புராஜ் மட்டும் வாய்விட்டுக் கேட்டார். "இன்னா அண்ணா, பதக்கம் உனுக்கு, ஓட்டை என் அண்டாவுக்கா?" சவுரிமுத்து புது அண்டா வாங்கிக் கொடுத்தார்.

1992இல் மஞ்சள் காமாலையில் படுத்த படுக்கையாகவே இறந்தார். பெட்டியைத் தோளில் ஏற்றாமல் இடுப்பளவில் பிடித்துக் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். குண்டுகள் நின்றன. தெருவில் ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள்.

1995இல் மகன் அந்தோணிசாமிக்கு ஆண் குழந்தை பிறந்தது. சில மாதங்கள் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். முதல் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதுதான் அவர்கள் வழக்கம். அந்தோணிசாமி தயங்கினான்.

"வேற பேரு வெக்கலாம்மா. பயமா கீது."

"அந்த மனுசனே போய்ச் சேந்துட்டாரு. பேரு இன்னாடா பண்ணும்?" என்றாள் ஞானம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி, சவுரிமுத்து என்று உரக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து ஒரு குண்டு வந்து தூளியைத் துளைத்தது. குழந்தை அப்போது தரையில் தாயின் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

ஞானம்மாள் செருப்பில்லாமல் சாமியாரிடம் ஓடினாள். கொடுத்த ஞானஸ்நானத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்றார் அவர். பிள்ளையை ரவி என்று கூப்பிட்டார்கள். பள்ளியிலும் ரவி என்றே சேர்த்தார்கள். ஒரு வருடம் வண்டலூரில் குடியிருந்து பார்த்தார்கள். குண்டுகள் ஏமாறவில்லை. பிள்ளை வளர வளர அவை வரும் உயரமும் கூடியது. பேரன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்பதை ஞானம்மாள் கதவைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

1999இல் அவனிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாலு மணிக்கு விளையாட்டை விட்டுவிட்டுத் தானே வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்வான். அந்தோணிசாமி வேலையிலிருந்து சீக்கிரம் வரும் நாட்களில் பக்கத்தில் படுப்பான். அப்படி ஒரு நாள் குண்டு கட்டிலுக்கு மேலே போய்ச் சுவரில் இறங்கியது. சுண்ணாம்பு உதிர்ந்து பிள்ளையின் தலையில் விழுந்தது. அந்தோணிசாமி அதைத் தட்டிவிட்டான்.

"நைனா, சுடுற அந்த ஆளு இன்னும் அவுங்க வூட்டுக்குப் போவலியா?"