சராசரித் தொண்டை

என் தொண்டை போய் நாலு வருடமாகிறது. ஐம்பது பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் கழுதைக்கே தொண்டை கட்டிக்கொள்ளும், நான் எம்மாத்திரம்! மாலையில் வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும் கைஜாடைதான். இந்த வருடம் ஜோர்டானில் இர்பித் ஊரிலுள்ள எங்கள் பள்ளி நூலகத்தில் ஓர் இடம் காலியானது. குரல் கெட்டுவிட்டதென்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் அது எனக்கு. இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை கத்தல்தான்.

குரல் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் ருபா என்னைக் சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"மூச்சு இருக்கிறவரைக்கும் 'ஆ'ன்னு இழுங்க மிஸ்."

இழுத்தேன். கணினியில் கோடு நடுங்கியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"உங்க குரல் இயல்பாத்தான் இருக்கு" என்றாள்.

"இதுவா? காக்காகூட என்னைக் கேலி பண்ணுதும்மா!"

"முன்னாடி வெள்ளைக்காரங்க குரலை வெச்சு ஒப்பிட்டோம். இப்ப அரபு பேசுற நம்ம ஜனங்களையே அளந்து வெச்சிருக்கோம். ரெண்டு வருஷம் முன்னாடி உங்க ஸ்கூல் மிஸ்ஸுங்க எல்லாரும் பஸ்ஸுல வந்தீங்களே, மறந்துட்டீங்களா? அளந்து வெச்ச பொம்பளைங்க குரல்ல பாதிக்கு மேல உங்க ஸ்கூல் மிஸ்ஸுங்களோடதுதான்."

மறக்கவில்லை. அன்று அவளுடைய மாணவிகள்தான் பதிவு செய்தார்கள். "தொண்டையில ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் கால் உடைந்து கிடப்பவனைக் கேட்டாலும் "அல்ஹம்துலில்லாஹ், நல்லாயிருக்கேன்" என்றுதான் சொல்வான். நாங்களும் அப்படியே சொன்னோம், கரகரத்துக்கொண்டு. அந்தப் பிள்ளைகளும் எங்களை ஆரோக்கியமானவர்கள் என்று சேர்த்துக்கொண்டார்கள். என்னை என்னோடே ஒப்பிட்டால் கோளாறு எங்கே தெரியும்?

"அந்தக் கணக்கைத் திருத்தும்மா."

"திருத்தலாம். ஆனா நீங்க ஒருத்தர் சொன்னா பத்தாது மிஸ். எல்லாரும் வந்து, அப்பவே தொண்டை கெட்டிருந்துச்சுன்னு சொல்லணும்."

மறுநாள் ஆசிரியைகள் அறையில் விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் நோட்டுத் திருத்தக் குனிந்துகொண்டார்கள். பக்கத்து வகுப்பு இப்திஹாஜ் மட்டும் வாயைத் திறந்தாள்.

"நீ லைப்ரரியில தூசி தட்டப் போயிருவே. உன் பிள்ளைங்களையும் என் வகுப்புலதானே கொண்டாந்து அடைப்பாங்க? ஹெட்மிஸ்ட்ரஸ் நேத்தே சொல்லிட்டாங்கடீ."

சுயநலக்காரி என்று திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவள் குரல் என்னுடையதைவிட மோசமாக இருந்தது. கடைசி வார்த்தைகள் காற்றாகத்தான் வந்தன. அவள் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மணி அடித்தது. அவரவர் வகுப்புக்குப் போனோம். நடுவில் இருப்பது மெல்லிய சுவர். அந்தப் பக்கம் இப்திஹாஜ் கத்தத் தொடங்கினாள். அவள் சத்தத்தை மீறினால்தான் என் பிள்ளைகளுக்குக் கேட்கும்.

நானும் கத்தினேன். உடனே அவள் இன்னும் உரக்கக் கத்தினாள்.