உலைக்காக நின்ற இயந்திரங்கள்

நெருப்பக்காவின் கண்ணாடி உலையை மின்சாரத்துக்கு மாற்றியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர், மருந்துக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி. அவர்களுக்கு சிரப் பாட்டில் செய்து கொடுப்பவள் அக்காதான். புதுச் சட்டம் வந்திருந்தது. மருந்துக்கு மட்டுமல்ல, பாட்டில் செய்யும்போது கிளம்பும் புகைக்கும் இனி கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும். அக்கா முணுமுணுத்துக்கொண்டே எண்ணெய் உலையை இடித்தாள், புதியதைக் கட்டினாள்.

அந்தக் கோடையில் வெயில் ஊரையே வறுத்தெடுத்தது. வீடுகளில் மின்விசிறி நின்றுவிடக் கூடாதென்று தொழிற்பேட்டைக்கான மின்சாரத்தை அரசு பாதிக்கும் கீழே குறைத்தது. ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு பங்கு. அக்காவின் பங்கு உலைக்குப் போதவில்லை.

அதிகாரி அரக்கப்பரக்க ஓடிவந்தார்.

"வா தம்பி. உலை உசுரோட இருக்கும்போதே ஒரு தடவ பாத்துக்கோ," என்று அக்கா ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, உலையின் சிறு துவாரத்தைத் திறந்தாள்.

இத்தனை வருடம் பாட்டில் வாங்கியவர், உலைக்குள் பார்த்ததே இல்லை. உள்ளே ஒரு குளம். தீ நாக்கு இல்லை, புகை இல்லை. வெளிச்சமே உருகித் திரண்டு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அவர் கண்ணாடியை இறக்காமலே கேட்டார்:

"ஆறிப்போனா?"

"கல்லாயிடும். செங்கல்லோட ஒட்டிக்கும். அப்புறம் கடப்பாரைதான்."

எண்ணெய் உலை இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவரைச் சுட்டது.

மின்வாரியப் பொறியாளரைப் போனில் பிடித்தார். "பேட்டைக்கு மொத்தமா ஒரு அளவு சார். அதத் தாண்டக் கூடாது. அதுக்குள்ள யார் எவ்வளவு எடுக்கிறீங்கங்கிறது உங்க பாடு."

போதுமே! உடனே தன் எம்.டி.யை அழைத்தார். "சார், பேட்டையில நம்ம ஆலைய நிறுத்தி, பங்கை பாட்டில் உலைக்கு விட்டுடலாம்."

"வெயில் தலைக்கேறிடுச்சா உனக்கு?"

"பாட்டில் இல்லாம சிரப்பை உள்ளங்கையிலயா சார் ஊத்திக் குடுப்போம்? மாத்தச் சொன்னதும் நாமதான்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, நிறுத்து."

அதுவும் பற்றவில்லை. அதிகாரி வெயிலில் பேட்டைக்குள் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். மூடி செய்பவர், "பாட்டிலே இல்லன்னா என் மூடிய யார் தலையில மாட்டுறது?" என்று சிரித்துக்கொண்டே நிறுத்தினார். அட்டைப்பெட்டிக்காரர் தலையசைத்தார். லேபிள் அச்சகக்காரருக்கும் அக்காவுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அவர் எழுந்துபோய்த் தானே சுவிட்சை இறக்கினார்.

அதிகாரி தெருவுக்கு வந்தபோது பேட்டையின் இரைச்சல் ஒவ்வொரு கூரையாக அடங்கிக்கொண்டிருந்தது. காது அடைத்துவிட்டதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டார். தொழிலாளிகள் வெளியே வந்து சுவர் நிழலில் நின்றார்கள். அத்தனை பேரும் ஒரே கொட்டகையைப் பார்த்தார்கள். அங்கிருந்து மட்டும் ஒரு மெல்லிய ரீங்காரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் எட்டிக்கூடப் பார்க்காத பிஸ்கட் ஆலையும் நின்றது.

"ஏறுது! சூடு ஏறுது!" உள்ளிருந்து யாரோ கத்தினார்கள்.

நெருப்பக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே பிஸ்கட் ஆலை வாசலுக்கு நடந்தாள். முதலாளி அங்கே நின்றிருந்தார்.

"எங்க பாட்டில் உங்களுக்கு எதுக்கும் ஆகாதேய்யா. நீங்க ஏன் நிறுத்துனீங்க?"

"ஒரு உலை சாகப் போகுதுன்னாங்கம்மா. நானும் அடுப்பு வெச்சுப் பொழைக்கிறவன்தானே."

அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பின்னால் வந்து நின்ற அதிகாரியும்தான்.

வெயில் தணியும்வரை ஆலைகள் முறைவைத்து ஓடின. உலை ஒரு நாளும் ஆறவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில், கம்பெனி கேட்டு ஒருவர் செய்யும் மாற்றத்தால் வரும் ஆபத்தில் கம்பெனிக்கும் பங்கு உண்டு என்று அதிகாரி சேர்த்து எழுதினார். எம்.டி. அதை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார்.