சிவப்புக் கோடு

ஓய்வுபெற்ற ஏட்டு சுந்தரபாண்டியன் ஒன்றை நிறுத்துவதென்று முடிவெடுத்தால் நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். வீட்டில் மூன்று ஓடிடி. மூன்றும் விலையை ஏற்றிவிட்டன. அவருடைய பென்ஷனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"ஏட்டி ஆனந்தவள்ளி, சீரியல் உனக்கு, கபடி எனக்கு. அந்த இங்கிலீஷ்காரன எவன் பாக்கான்? இன்னைக்கே கேன்சல் பண்ணுதேன்."

எப்போதும் பேச்சுக்குப் பேச்சு கொடுக்கும் ஆனந்தவள்ளி பதறிப்போனாள். "என் சீரியல வேணா நிறுத்துங்க. அத மட்டும் தொடாதீங்க."

"உனக்கு எப்பட்டி இங்கிலீஷ் வந்துச்சு?"

அவள் ரிமோட்டை எடுத்து, அந்த இங்கிலீஷ் ஓடிடியில் மகன் முத்துச்செல்வத்தின் பெயரில் இருந்த பக்கத்தைத் திறந்தாள். அவன் ராணுவத்தில் சேர்ந்து வடக்கே எல்லையில் இருக்கிறான். போனில் "நல்லா இருக்கேம்மா" என்பதற்குமேல் ஒன்றும் வராது. சின்ன வயதில் கையை ஒடித்துக்கொண்டு வந்தபோதும் அதையேதான் சொன்னான்.

திரையில் ஒரு சிரிப்புத் தொடரின் படம். அதன் அடியில், அவன் எதுவரை பார்த்திருக்கிறான் என்று காட்டும் சிவப்புக் கோடு.

"நேத்து இங்கன நின்னுச்சு. இன்னைக்கு இங்கன வந்துட்டு. பிள்ள சாப்பிட்டுப் படுத்து, சிரிச்சிருக்கான். எனக்கு அது போதும்."

முழிக்கிற முழியை வைத்தே திருடனைப் பிடித்தவர் சுந்தரபாண்டியன். தினமும் காலையில் டிவி முன்னால் நிற்கும் மனைவியை மட்டும் அவர் கவனித்ததில்லை. வெட்கமாக இருந்தது. கபடியை நிறுத்தினார். அன்று மத்தியானம் கேட்காமலே இலையில் இரண்டு அப்பளம் கூடுதலாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆனந்தவள்ளி இலஞ்சி கோயிலுக்குப் போயிருந்த நேரம் மகன் கூப்பிட்டான். சாரல் உண்டா, ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"எப்பா, அந்த இங்கிலீஷ் ஓடிடி வெல கூடிட்டாம்லா? பென்ஷன்ல கட்ட முடியலன்னா நிறுத்திருங்க. நான் பாக்கதே இல்ல."

"பெறவு அந்தக் கோடு எப்படிலே நகருது?"

"போன லீவுல நான் பக்கத்து ரூம்ல கெடக்கேன், அப்பவும் அம்மா காலையில எந்திச்சு அதத் தொறந்து பாக்கா. அதான்பா, தெனமும் கொஞ்சம் ஓட விட்டுட்டுத் தூங்கிருவேன்."

சுந்தரபாண்டியன், "நிறுத்தல்லாம் வேண்டாம். நீ ஓட விடுலே" என்று மட்டும் சொன்னார்.

மனைவியிடம் அவர் மூச்சு விடவில்லை. மறுநாள் காலை அவள் காபியோடு வந்தபோது ரிமோட் அவர் கையில் இருந்தது.

"நகந்திருக்குட்டி" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பிள்ள நேத்து நல்லா சிரிச்சிருக்கான்."