சமதரை பார்த்துப் பிடித்த மரம்

செய்கிச்சி நீல விரிப்பின் கடைசி மூலையில் தண்ணீர் பாட்டிலை வைத்து அழுத்தியபோது பூங்கா விளக்குகள் இன்னும் அணைந்திருக்கவில்லை. ஆற்றுப் பக்கமிருந்து குளிர் ஏறி வந்துகொண்டிருந்தது. சாலையில் தோண்டிய குழியை மழைக்கு மூடுகிற மாதிரியே, ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்து விரித்திருந்தார். செருப்பை ஓரமாகக் கழற்றிவைத்து நடுவில் உட்கார்ந்து, கையால் நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். வேர் இல்லை, கல் இல்லை, ஈரம் இல்லை. இப்படி ஒரு இடம் இந்தக் கூட்டத்தில் கிடைத்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. டப்பாக் காபியை இரண்டு கைக்கும் நடுவில் உருட்டிக்கொண்டு, வெகுகாலத்துக்குப் பிறகு தன்னைப் பற்றித் தானே கொஞ்சம் திருப்திப்பட்டுக்கொண்டார்.

மகள் மிஹோ கேட்டது இது ஒன்றைத்தான். மனைவி பிரிந்து போனபோது மிஹோ பள்ளிக்கூடம் கூடப் போக ஆரம்பிக்கவில்லை. பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, ரயில் நிலையத்துக்குப் பக்கத்து நூடுல்ஸ் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதோடு அப்பா மகள் உறவு சரி. இப்போது அவளுக்குக் கல்யாணப் பேச்சு. பையன் ரியோத்தா தங்கமான பையன். அவனுடைய அம்மா ஹிசாகோ தான் இன்னும் பிடி கொடுக்கவில்லை. பெண்ணின் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று இருந்தாள். ஹோட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்றானாம் ரியோத்தா. மிஹோதான் வேண்டாம் என்றாளாம். செர்ரி பூத்ததும் ஊரே மரத்தடியில் விரிப்பு போட்டுச் சாப்பிடுகிற பூ பார்க்கும் நாளில் யாரும் எந்தச் சட்டையிலும் வந்து உட்காரலாம். தன்னை நினைத்துத்தான் அவள் அப்படிச் சொன்னாள் என்பது செய்கிச்சிக்கு நன்றாகவே புரிந்தது.

"சாப்பாடெல்லாம் நாங்க கொண்டு வர்றோம்ப்பா. நீங்க இடம் மட்டும் பிடிச்சு வைங்க. நல்ல இடமா."

வெளிச்சம் வந்தது. சுற்றிலும் விரிப்புகள் நெருக்கி நெருக்கி விழுந்திருந்தன. பக்கத்து விரிப்பில் வழுக்கைத் தலையர் ஒருவர் காலையிலேயே பீர் டப்பாவைத் திறந்துவிட்டார். ஒகுனி என்று பெயர் சொன்னார். டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர், கூட்டாளிகளுக்காக இடம் காக்கிறார். அவர் செய்கிச்சியையும் மேலேயும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, இங்கயே தங்கப் போறீங்களா?"

"ஏன்?"

"இது பூக்க இன்னும் ரெண்டு வாரம் ஆகுமே. சோப்பு, துண்டு எல்லாம் கொண்டாந்திருக்கீங்களான்னு கேட்டேன்."

செய்கிச்சி அப்போதுதான் அண்ணாந்து பார்த்தார். பூங்கா முழுக்க மரங்கள் வெள்ளை மேகமாக நின்றுகொண்டிருந்தன. அவர் தலைக்கு மேல் மட்டும் செம்பு நிறத்தில் துளிர் இலைகளும், இறுக்கி மூடிய மொட்டுகளும்.

"மொட்டு இருக்கே. வெயில் ஏறினா விரியாதா?"

"எங்க விரியும்? இது ஊகோன். மஞ்சள் கிழங்கு இருக்குல்ல, அந்தப் பேருதான். பூவும் லேசா மஞ்சளடிச்சுத்தான் வரும். இதுல பூவுக்கு முன்னாடி இலை வந்து நிக்குது பாருங்க. அதோ அதெல்லாம் யோஷினோ, ஒரு இலை இருக்கா? ஊரே இடம் இல்லாம அடிச்சிக்கிறப்போ இது மட்டும் ஏன் காலியா கிடக்குதுன்னு நீங்க யோசிக்கவே இல்லியா?"

யோசிக்கவில்லை. இருட்டில் வந்தவர் கைவிளக்கைத் தரையில்தான் அடித்தார். எங்கே மேடு, எங்கே பள்ளம், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துப் பார்த்தே முடி நரைத்தவர் அவர். செர்ரி மரம் என்றால் அவருக்கு அது தார் ரோட்டைக் கீழிருந்து முட்டி உடைக்கிற வேர். வேலைக்கு இடைஞ்சல். அதன் மேல் பாதியில் என்ன நடக்கிறது என்று அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

எழுந்து ஓடினார். பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கழிப்பறை வாசலில்கூட விரித்திருந்தார்கள். திரும்பி வந்து ஒகுனியிடம் ஒரு ஓரம் கேட்டார்.

"எங்க ஆளுங்களே ஒருத்தன் மடியில ஒருத்தன் உக்காரப் போறாங்க அண்ணே. யாரு வர்றாங்க உங்களுக்கு?"

"சம்பந்தியம்மா. இன்னும் ஆகல. இன்னிக்குப் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்க."

ஒகுனியின் சிரிப்பு அடங்கியது. "அடடா" என்று மட்டும் சொல்லிவிட்டு பீரை ஒரு வாய் குடித்தார்.

மதியம் மிஹோவும் ரியோத்தாவும் அவன் அம்மாவும் வந்தார்கள். மிஹோ தூரத்திலிருந்தே அவர் கையைத் தூக்கியதைப் பார்த்தாள், பிறகு மரத்தைப் பார்த்தாள். மற்றவர்களுக்கு முன்னால் வேகமாக நடந்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்றாள். அதற்குள் ஹிசாகோ கைத்தடி ஊன்றி வந்து சேர்ந்துவிட்டாள். சலவைக்கடை நடத்துகிறவள். செய்கிச்சியின் புதுச் சட்டையில் மடிப்புக் கோடு இன்னும் போகாமல் இருப்பதை ஒரே பார்வையில் பார்த்துவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. இருவரும் குனிந்து வணங்கினார்கள். மிஹோ சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒகுனி குரல் கொடுத்தார். "அம்மா, கவலைப்படாதீங்க! காத்தடிச்சா எங்க பக்கத்துல இருந்து கொஞ்சம் பூ அனுப்பி வைக்கிறோம்!" அவருடைய கூட்டாளிகள் கைதட்டினார்கள்.

"காலையில இருந்து இதே கேலிதானா?" என்று கேட்டாள் ஹிசாகோ.

"ஆமா. தப்பு என்னுதுதான்" என்றார் செய்கிச்சி. "நான் மரத்தைப் பாக்கல. தரையைத்தான் பாத்தேன். ரோட்டு வேலைக்காரன் புத்தி. மட்டமா இருந்துச்சு, பிடிச்சுட்டேன்."

ஹிசாகோ தடியை மகனிடம் கொடுத்துவிட்டு மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டாள். விரிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு தேய் தேய்த்தாள், இஸ்திரிப் பெட்டி போகிற மாதிரி.

"போன வருஷம் என் தங்கச்சி கூட்டிட்டுப் போனா. நல்ல பூவுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் ஒரு வேரு மேல உக்காந்திருந்தேன். பூ என்ன கலருன்னுகூட எனக்கு ஞாபகம் இல்ல."

அவள் கொண்டுவந்த பெட்டியில் செர்ரி இலையில் சுற்றிய இனிப்புக் கொழுக்கட்டை இருந்தது. ரியோத்தா இலையை உரித்து ஓரமாக வைத்தான். செய்கிச்சி இலையோடு சேர்த்துக் கடித்தார். உப்பில் ஊறிய இலை, உள்ளே தித்திப்பு. ஹிசாகோ பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவனோட அப்பாவும் உரிச்சுத்தான் சாப்பிடுவாரு. அப்பனும் மகனும் சேர்ந்து என்னை ஆடு மாதிரி இலை திங்கிறேன்னு கேலி பண்ணுவாங்க" என்று சொல்லிவிட்டுத் தன்னுடையதை இலையோடு வாயில் போட்டுக்கொண்டாள். மிஹோ உரிக்கப் போன கையை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, அப்படியே கடித்தாள். உண்மையிலேயே காற்று வந்தது. ஒகுனி பக்கத்து இதழ்கள் முட்டைப் பொரியல் மேல் விழுந்தன. யாரும் எடுக்கவில்லை.

கிளம்பும்போது கல்யாணத்தைப் பற்றி ஹிசாகோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "இது பூக்கிறப்போ சொல்லுங்க. இதே இடம்தான்" என்றாள்.

மரியாதைக்கு இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்களை செய்கிச்சி நிறையப் பார்த்திருக்கிறார். மிஹோ பெட்டிகளைக் கட்டியபடி, "நிஜமா சொன்னாங்களா, சும்மா சொன்னாங்களான்னு எனக்கும் தெரியலப்பா" என்றாள்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வருகிற வழியில் பூங்காவுக்குள் நுழைந்து மொட்டைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கழுத்து வலித்தது. ஒருதடவை நிமிர்ந்துவிட்டால் பிறகு வேறு மரங்களும் கண்ணில் படத்தான் செய்கின்றன. அவர் குழி தோண்டிய தெருக்கள்தான் எல்லாம். பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்ததும் யோஷினோதான், உதிர்ந்து முடித்து இலை விட்டுக்கொண்டிருந்தது. கோயில் சுவருக்கு மேல் ஒன்று கிளையைத் தரைவரை தொங்கவிட்டிருந்தது. நாணயம் போட்டுத் துணி துவைக்கிற கடை ஓரத்தில், ரோஜா மாதிரி அடுக்கடுக்காக ஒன்று அப்போதுதான் பூக்க ஆரம்பித்திருந்தது. அதன் வேரைப் போன வருஷம் கடப்பாரையால் வெட்டிவிட்டது அவர்தான். அதன் கீழே சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஊகோன் விரிந்திருந்தது. பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. மஞ்சள் தேய்த்துக் குளித்த தண்ணீரின் நிறம். மிஹோவுக்குச் செய்தி அனுப்பினார்: பூத்துடுச்சு. வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: அவங்ககிட்ட சொல்லிட்டேன்.

மறுநாள் காலை பூங்கா காலியாக இருந்தது. பூப் பார்க்கிற கூட்டம் எல்லாம் முடிந்து போயிருந்தது. செய்கிச்சி அதே இடத்தில் விரிப்பை விரித்தார். இந்தத் தடவை மடக்கு நாற்காலி ஒன்றும் கொண்டுவந்திருந்தார், தாழ்வானது, முட்டி வலிக்காரர்களுக்கு. அதை வைத்து உள்ளங்கையால் அமுக்கினார். ஒரு கால் லேசாக ஆடியது. இரண்டு விரல் அகலம் தள்ளி வைத்து மறுபடி அமுக்கினார். ஆடவில்லை. மேலிருந்து பூ ஒன்று காம்போடு கழன்று நாற்காலியின் மேல் விழுந்தது. அதைத் தட்டிவிடக் கை நீட்டியவர், கையை இழுத்துக்கொண்டு, விரிப்பின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.