எலிசாவின் பச்சை இறைச்சி

எலிசா சாப்பிட்டாலென்ன, விட்டாலென்ன என்று இருக்க என்னால் முடியவில்லை. வடதுருவக் கரையிலிருந்து சத்திரசிகிச்சைக்காக மொன்றியலுக்கு வந்த இனுவிட் பெண் அவள். அவள் தங்கிய நோயாளர் விடுதியில் நானும் லோஜினியும் சமையல். நிறை இன்னும் குறைந்தால் சத்திரசிகிச்சை கிடையாது, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நாங்கள் வைத்த சூப்பை அவள் மணந்துகூடப் பார்க்கவில்லை.

போன கிழமை அவளுடைய தம்பி யோசெப் விமானத்தில் கரிபு மான் இறைச்சி அனுப்பினான். மந்தைகள் குறைந்துபோய், நாலு நாள் பனியில் அலைந்து சுட்ட ஒரே மானாம். நான் என்ன செய்தேன்? மஞ்சள் போட்டுக் கழுவி, மிளகு அரைத்து, தேங்காய்ப்பால் விட்டு மணக்க மணக்கப் பிரட்டல் வைத்தேன். சட்டியைப் பார்த்து எலிசா அழுதுவிட்டாள். அவர்கள் அதை உறைந்தபடி பச்சையாகத்தான் சாப்பிடுவார்களாம். என் மூளையை எங்கே கழற்றி வைத்தேனோ!

இந்த வெள்ளிக்கிழமை அதே மானின் மிச்ச இறைச்சியை யோசெப் அனுப்பினான். நான் கையே வைக்கவில்லை. அவள் கேட்டபடி, அவர்கள் ஊர் வழக்கம்போல், சாப்பாட்டறைத் தரையில் காட்போட் மட்டையை விரித்தேன். எலிசா தன் பிறைக்கத்தியால் சீவத் தொடங்க, மேலாளர் அல்பேட் ஓடி வந்தார். சமைக்காத இறைச்சி இங்கே கூடாது, குப்பையில் போடு என்று பிரெஞ்சில் கத்தினார்.

“மலரக்கா, வாயைத் திறவாதேங்கோ. வேலை போயிடும்,” என்றாள் லோஜினி.

“போனாப் போகட்டும்! புரோசார்ட் சாப்பாட்டுக் கடையில இவர் சுஷி திண்டதை நான் கண்டனான். அது மட்டும் வெந்த மீனோ?”

அதையே அல்பேட்டுக்கும் என் ஓட்டைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. யாருக்காவது ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

நான் பொறுப்பு என்று சொல்லி, மட்டையருகே சம்மாணம் கொட்டி இருந்து கையை நீட்டினேன்.

“ஐயோ அக்கா, இண்டைக்கு வெள்ளி! நீங்க மரக்கறியெல்லோ!”

“முருகனோட நான் கதைச்சுக்கொள்ளுறன். நீ பேசாம நில்லு.”

எலிசா ஒரு சீவலை என் கையில் வைத்தாள். பல் கூசியது, இரத்தம் மணத்தது. அல்பேட்டின் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுங்கினேன்.

அதன்பிறகு எலிசா சாப்பிட்டாள். விடுதிக்கு வந்த பிறகு முதல்முறையாக வாய் நிறையச் சாப்பிட்டாள். திங்கட்கிழமை காரியாலயத்துக்கு வந்து பதில் சொல் என்றார் அல்பேட்.

“ஓம், வாறன்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, எலிசாவிடம் இன்னொரு துண்டு கேட்டேன்.