வானத்துக்கு விட்ட பால்

என் மனைவி லலிதாவின் கட்டில் ஆஸ்பத்திரியின் ஆறாம் மாடியில் யன்னலோரம் இருந்தது. படுத்தபடி பார்த்தால் கூரையோ மரமோ தெரியாது, வானம் மட்டும்தான். அந்தச் சித்திரையில் லண்டனில் ஒரு கிழமையாக முகிலே இல்லை.

"இஞ்சாருங்கோ, இது ஏன் நீலமாக் கிடக்கு?" என்று ஒரு மத்தியானம் கேட்டாள்.

"கடலின்ரை நிறம் மேலை தெரியிறது" என்றேன். பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னது.

"எங்கடை கோலியர்ஸ் வுட்டிலை எங்கை கடல்?"

மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

அவள் வேறு கேள்விகளும் கேட்டாள். வயிறு ஏன் வீங்குகிறது, எப்போது வீட்டுக்கு விடுவார்கள், ஏன் மருந்தைக் குறைத்துவிட்டார்கள். நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று டொக்டர் தொடக்கத்திலேயே அவளிடம் கேட்டிருந்தார். "அவரிட்டைச் சொல்லுங்கோ" என்று என்னைக் காட்டினாள். சின்ன அறை ஒன்றில் வைத்து என்னிடம் சொன்னார்கள். உயிரோடு இருப்பது இன்னும் சில கிழமைகள்தான்.

அவளுடைய தமையன் ஸ்ரீஸ்கந்தராஜா லண்டனின் மறுகோடியில் ரெய்னர்ஸ் லேனிலிருந்து அன்றே ஓடி வந்தார்.

"அவளுக்கு ஒண்டும் தெரியக்கூடாது, குகன். மனம் விட்டாளெண்டால் நாளைக்கே போயிடுவாள்."

மகள் கோசிகா அழுதபடி தலையாட்டினாள். வாதாட எனக்குத் தெம்பில்லை. சொல்லவும் வாய் வரவில்லை. நேர்ஸ் சொல்வதைத் தமிழில் சொல்லும்போது பாதியை விழுங்கினேன். வயிற்றில் இருப்பது தண்ணீர், வற்றினால் வீடு என்று சொல்லிவைத்தேன். அவள் கேட்டவற்றில் நான் உண்மையான பதில் சொல்லக்கூடியது வானத்தைப் பற்றியது ஒன்றுதான். அதையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் வந்தது.

கோசிகா பஸ்ஸில் வைத்துப் போனில் ஒரு வீடியோ காட்டினாள். சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கிறதாம். காற்றில் படும்போது நீலம் அதிகம் சிதறி நாலாபக்கமும் போகிறது. சிவப்பு பெரும்பாலும் நேரே போய்விடுகிறது. தண்ணீரில் துளிப் பாலை விட்டு, ஒரு பக்கமாக வெளிச்சம் அடித்தால் அதையே பார்க்கலாம். அன்றிரவு குசினியில் செய்து பார்த்தேன். முதலில் பால் கூடிப்போய் வெறும் வெள்ளை. பிறகு மூன்று துளியில் சரிவந்தது.

அடுத்த நாள் சின்னப் போத்தலில் பாலும் ஒரு கண்ணாடிக் கிளாசும் தேக்கரண்டியும் கொண்டுபோனேன். இருட்டு வேண்டுமென்று யன்னல் திரையையும் கட்டிலைச் சுற்றியுள்ள திரைச்சீலையையும் இழுத்து மூடினேன். தண்ணீரில் மூன்று துளி விட்டுக் கலக்கிப் போன் வெளிச்சத்தைப் பிடித்தேன்.

"பக்கத்தாலை பாரும்."

"ஓம்... மெல்லிசா நீலம்." முகம் மலர்ந்தது. "நேரை பார்த்தால்?"

"மஞ்சளாத் தெரியும். பொறும், திருப்பிறன்."

அப்போதுதான் திரைச்சீலை விலகியது. கோயில் திருநீறு மடித்த காகிதச் சரையோடு ஸ்ரீஸ்கந்தராஜா நின்றார். மூடிய யன்னலைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார்.

"ஐயோ, என்ரை தங்கச்சி! என்னைக் கூப்பிடாமலே பால் பருக்கிறியளோ!"

கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். உயிர் பிரியப்போகிற ஆளுக்குத்தான் நாங்கள் அப்படிப் பால் பருக்குவோம். அது லலிதாவுக்குத் தெரியாததல்ல. தன் தாய்க்குத் தானே பருக்கியவள்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "இல்லையண்ணை, இது..." என்றேன்.

லலிதா தமையனைப் பார்த்தாள். பிறகு என்னை நெடுநேரம் பார்த்தாள்.

"எழும்புங்கோ அண்ணை. இது எனக்கில்லை, வானத்துக்கு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீங்கள் மிச்சத்தைச் சொல்லுங்கோ."

எதன் மிச்சம் என்று எனக்கு விளங்கவில்லை. வானத்தைத்தான் சொன்னேன். சிதறுவது, நேரே போவது எல்லாம்.

"அப்ப மேலை ஒரு நிறமும் இல்லையோ?"

"இல்லை. இன்னும் மேலை போனால் கறுப்பு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவள் "ஓம்" என்று மட்டும் சொன்னாள். பின் தமையனின் தலையைத் தடவினாள்.

"இவ்வளவு தூரம் ட்ரெயினிலை வந்திட்டியள். பருக்கிப்போட்டுப் போங்கோவன். நானும் முழிப்பாக் கிடக்கிறன்."

"விசர்க் கதை கதையாதை!"

"அப்ப ஏன் அழுதனீங்கள்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். கடைசியில் அந்தக் கிளாசிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து அவள் வாயில் விட்டார். பாதி கன்னத்தில் வழிந்தது.

"இதிலை பாலே இல்லையண்ணை. வெறும் தண்ணி" என்றாள். நான் கன்னத்தைத் துடைத்தேன். யன்னல் திரையைத் திறக்கச் சொன்னாள். வெளியே சாம்பல் நிறத்தில் முகில் மூடியிருந்தது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு அவள் என்னிடம் வீட்டுக்கு எப்போது என்று கேட்கவேயில்லை. கேட்டிருக்கலாம் என்று இருந்தது.

அந்தக் கிழமையே ஒரு விடியலில், நாங்கள் யாரும் போய்ச் சேருமுன் போய்விட்டாள்.

செத்தவீட்டில் சனம் அதைத்தான் முதலில் கேட்டது. "கடைசியிலை பால் பருக்கினனீங்களோ?"

"ஓம். அறிவு நினைவோடை, என்ரை கையாலை குடிச்சவள்" என்று ஸ்ரீஸ்கந்தராஜா ஒவ்வொருவருக்கும் சொன்னார். அவருக்கு அது ஓர் ஆறுதலாக இருந்தது. அவர்கள் என் பக்கம் திரும்பும்போது நானும் ஓம் என்றேன். அது ஒரு கிளாஸ் தண்ணீரில் மூன்று துளி என்று யாருக்கும் சொல்லவில்லை.